212

காவேரிப்பட்டணத்தில் இறங்கி
பாலக்கோடு சாலையில் ஷேர் ஆட்டோ.
பையில் பதினான்கு கைக்கடிகாரம்,
பதினான்கு சார்ஜர்,
மடங்கிப்போன ஒப்புதல் படிவங்கள்.
மணி காட்டுமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.
காட்டும்,
ஆனால் அதற்காகத் தரவில்லை என்பேன்.

212 முனிரத்தினம். வயது நாற்பத்தெட்டு.
கிரானைட் லாரி. பீடி உண்டு, சர்க்கரை இல்லை.
கட்டிவிட்டதும் அடியில் மினுங்கிய விளக்கைப் பார்த்து
"ரத்தம் செவப்பு, லைட்டு மட்டும் ஏன் பச்ச?" என்றார்.
பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்:
சிவப்பு பச்சையை விழுங்கும்.
விழுங்கியது போக மீந்து திரும்புவதை
எண்ணுகிறோம்.
அவர் தலையாட்டினார்.
எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

வைகாசி முழுக்க
212 தினமும் பதினாறாயிரம் அடி நடந்தார்.
லாரி ஓட்டுகிறவர் எங்கே அவ்வளவு நடக்கிறார் என்று
நான் கேட்கவில்லை.
எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது
யார் கேட்பார்கள்.

ஆனி பிறந்து ஆறாம் நாள், பின்னிரவு இரண்டே கால்.
என் போனில் அந்தக் கோடு:
ஒன்று, ஒன்று,
படி தவறியதுபோல் மூன்று,
கொஞ்சம் ஒன்றுமில்லை,
பிறகு அவசர அவசரமாய் நான்கு.
சிக்னல் தரம் குறைவு, தோலில் பிசுபிசுப்பு,
விட்டுவிடுங்கள் என்றார்கள் பெங்களூரில்.
மூன்றாம் இரவும் அதே நேரம், அதே தடுமாற்றம்.
நான்காம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள்:
212ஐ உடனே ஆஸ்பத்திரிக்கு.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை.
சட்டையைக் கழற்றிப் படுத்தார்.
இசிஜி தாளில் அவருடைய இதயம்
சுங்கச்சாவடி தாண்டிய சாலைபோல்
ஒழுங்காகப் போனது.
"ஒங்க வாட்ச்சுக்குத்தாம்மா வைத்தியம் பாக்கணும்"
என்றார் டாக்டர்.
நான் முனிரத்தினத்தின் இடது மணிக்கட்டைப் பார்த்தேன்.
வெயிலில் கறுத்த கை.
பட்டை இருந்த வெளுப்பு இல்லை.
அவர் சுவரில் ஒட்டியிருந்த
குடும்பநலப் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

மாம்பழக்கூழ் கம்பெனியின் வேன்
காலை ஆறரைக்கு வந்தது.
கடைசியாக இறங்கினாள் மாதேஸ்வரி.
முழங்கைவரை பெங்களூராவின் மஞ்சள்.
கையுறையை உருவினாள்.
பாலிதீன் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு,
சூப்பர்வைசர் கண்ணில் படாமல்
நாற்பத்தோரு நாள்
212 அங்கே இருந்திருக்கிறது.

"ஸ்டியரிங்ல இடிக்குதுன்னு கழட்டி வெச்சிட்டாரு.
சும்மா கெடக்குதே,
சார்ஜ் வீணாப் போவுதேன்னு நாந்தான் கட்டுனேன்."
ராத்திரியில் நெஞ்சு ஏதாவது?
"படபடன்னு வரும். பழவாடன்னு நெனச்சேன்.
எல்லாருக்கும் வர்றதுதானே?"

என் நோட்டைப் புரட்டினேன்.
இந்த வீட்டுக்கு எதிரே என் கையெழுத்தில்:
வீட்டிலிருந்தவர் ஒருவர். சேர்க்கப்பட்டார்.
நான் வந்த நேரம் அவள் ஷிப்டில் இருந்திருக்கிறாள்.
திரும்ப ஒருநாள் வந்திருக்கலாம்.
அன்றைக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது.

தலைமையிலிருந்து மதியமே பதில்:
212இன் தரவு முழுதும் செல்லாது, நீக்கவும்,
காரணக் குறியீடு இடவும்.
ஒன்று, கருவி தொலைந்தது.
இரண்டு, விலகிக்கொண்டார்.
மூன்று, இறந்தார்.
நான்காவதைத் தேடிக் கீழே இழுத்துப் பார்த்தேன்.
திரை அதற்கு மேல் நகரவில்லை.

மறுபடி அதே மருத்துவமனை, அதே கட்டில்.
இந்தமுறை தாளில்
அந்தப் படி தவறல் இருந்தது.
டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்.
முனிரத்தினம் வாசலில் நின்று
பீடிக்கட்டை எடுத்து, திரும்ப வைத்து, எடுத்து.

"இதத் திருப்பித் தரணுமா?"
தரவேண்டும்தான்.
கழற்றினாள். சின்ன வெள்ளை வளையம்போல்
மணிக்கட்டில் தோல்.
வாங்கி உள்ளங்கையில் மல்லாத்தி வைத்தேன்.
கூழ் காய்ந்த கண்ணாடிக்குள்
பச்சை கொஞ்ச நேரம் யாரையோ தேடிவிட்டு
அணைந்தது.

பையில் படிவம் ஒன்று மீந்திருந்தது.
பேனாவை நர்ஸிடம் கேட்டு வாங்கினேன்.